வெல்னெஸ் பாடத்தில எனக்கு 115

போன ஞாயிறு தம்பி கோல் எடுத்தான். அவன் எடுக்கிறதெண்டா ஒண்டில் டேட்டா முடிஞ்சிருக்கும் இல்லாட்டி காசு முடிஞ்சிருக்கும், இந்தமுறை ரெண்டும் இல்லையாம். "அக்கா, உங்கட அந்த வெல்னெஸ் நோட்ஸ் இருக்கோ? எங்களுக்கும் இந்த செமஸ்டர் அது கட்டாயமாம், பாஸ் பண்ணாட்டி டிகிரி தரமாட்டினமாம்" எண்டான்.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. நான் கம்பஸ் போனது 2018ல, இலங்கையில தெற்குப்பக்கம், பேர் வேண்டாம். இவன் போயிருக்கிறது வேற கம்பஸ். ஆனா அதே பாடம், உடம்பையும் மனசையும் சுகமா வச்சிருக்கிறது எப்பிடி எண்ட பாடம், அதே நொன் ஜிபிஏ, அதே 80 வீத அட்டென்டன்ஸ். நொன் ஜிபிஏ எண்டா தெரியாத ஆக்களுக்குச் சொல்றன், டிகிரியின்ர சராசரிப் புள்ளியில சேராத பாடம், கோயில் வாசல்ல செருப்புக் கழட்டுற மாதிரி, கழட்டாம உள்ள போகேலாது, கழட்டினதுக்காக ஆரும் உங்களுக்கு மேலதிகமா விபூதி தரவும் மாட்டினம்.

சரி தேடித் தாறன் எண்டு சொல்லிப்போட்டு அலுமாரிக்கு மேல கிடந்த பெட்டியை இறக்கினன். கறையான் பாதி திண்டிட்டுது, ஆனா இந்த ஃபைலை மட்டும் தொடேல்ல, அதுக்கும் பிடிக்கேல்ல போல.

முதல்ல கையில அம்பிட்டது அந்த எக்ஸசைஸ் லொக் சீட். கிழமைக்கு 150 நிமிசம் உடற்பயிற்சி செய்யோணும், செய்ததை திகதி போட்டு, நேரம் போட்டு, எழுதிக் குடுக்கோணும். 150 நிமிசம் எண்ட கணக்குப் பிழையில்ல, உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் அதுதான், பெரிய ஆக்களுக்கு கிழமைக்கு 150இல இருந்து 300 நிமிசம். பிழை என்னெண்டா அதுக்கு 20 மாக்ஸ் போட்டது. மாக்ஸ் எண்டவுடன அது உடம்புக்குச் செய்யிற வேலையில்ல, பேப்பருக்குச் செய்யிற வேலை. குடுக்கிறதுக்கு முதல் நாள் இரவு ஹொஸ்டல் முழுக்க ஒரே எழுத்து, ஒரே நாள்ல எழுதினதெண்டு தெரியக்கூடாதெண்டு நீலப்பேனை, கறுப்புப்பேனை, மை முடியப்போற பேனை எண்டு மாத்தி மாத்தி எழுதுறது. எங்கட பச்சில ஒருத்தன் நவம்பர் 31ம் திகதி 40 நிமிசம் ஓடியிருந்தான். அவனுக்கும் 20க்கு 18.

நான் மட்டும் பெரிய உண்மை விளம்பி மாதிரி லீவுக்கு வீட்டை வந்து நிண்ட கிழமை "வயல்ல களை பிடுங்கினது, 4 மணித்தியாலம்" எண்டு எழுதிப்போட்டன். அந்த மிஸ் கூப்பிட்டுக் கேட்டா, இது எக்ஸசைஸ் இல்லையே எண்டு. பின்ன என்ன மிஸ் எண்டன். இது வேலை, எக்ஸசைஸ் எண்டா விருப்பப்பட்டு செய்யிறது எண்டா. அதை அப்பாட்ட வந்து சொன்னன், மனுசன் அரைநாள் சிரிச்சார். பேந்து பின்னேரம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகேக்க, "பிள்ளை நான் எக்ஸசைஸுக்குப் போறன்" எண்டு சொல்லிப்போட்டுப் போறார், இண்டைவரைக்கும் அதுதான் எங்கட வீட்டுப் பகிடி.

எனக்கு ஒரு பழக்கம், ஒரு விசயம் எரிச்சலாக்கினா அதைப்பற்றித் தேடித்தேடி வாசிக்கிறது. இந்த லொக் சீட் கூத்து எங்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில ஒக்லஹோமாவில ஓரல் ரொபர்ட்ஸ் எண்டொரு கிறிஸ்தவ யுனிவர்சிட்டி, அங்க முந்தி பிள்ளையள் தாங்கள் செய்த எக்ஸசைஸை கையால எழுதித்தான் குடுத்தவையாம், 2016ல புதுசா வந்த முதலாம் வருசக்காரர் எல்லாரும் கையில ஃபிட்பிட், அதுதான் காலடி எண்ணுற பட்டி, கட்டோணும் எண்டு கொண்டுவந்தினம், ஒரு நாளைக்கு 10,000 காலடி நடக்கோணும், கணக்கு நேரா கம்பஸுக்குப் போனது. இந்த 10,000 எண்ட இலக்கம் எங்க இருந்து வந்தது எண்டு பாத்தா அது இன்னொரு பகிடி. 1965ல ஜப்பான்ல ஒரு கொம்பனி காலடி எண்ணுற மிசின் ஒண்டை விக்க வச்ச பேர் மன்போகெய், பத்தாயிரம் காலடி மீற்றர் எண்டு அர்த்தம். உறுதியான ஆராய்ச்சி ஒண்டும் இல்லை, விக்கிறதுக்கு வச்ச பேர், அது ஊர் உலகமெல்லாம் சுத்தி கடைசியா டிகிரிக்குத் தேவையான தகுதியா வந்து நிண்டது.

அடுத்தது நிறை பாத்த நாள். லெக்சர் ஹோல்லயே ஒரு தராசு வச்சு, வரிசையில விட்டு, பிஎம்ஐ, அதுதான் உயரத்துக்கு ஏத்த நிறையோ எண்டு பாக்கிற கணக்கு, அதைப் பாத்து, சத்தமா வாசிச்சு, ஒரு பெடியன் இருந்து எழுதுறான். நான் அப்ப 41 கிலோ, 155 சென்ரிமீற்றர், 17.1 வந்தது, 18.5க்குக் கீழ எண்டா நிறை காணாது எண்டு அர்த்தம். எனக்கு வெக்கமில்ல, மெல்லிசா இருக்கிறதுக்கு ஆரும் சிரிக்கமாட்டினம் தானே. எனக்குப் பின்னால நிண்ட பிள்ளை கொஞ்சம் உடம்பு. அவ தராசில ஏறமாட்டன் எண்டு நிண்டவ. அட்டென்டன்ஸ் போடமாட்டன் எண்டாப்போல ஏறினவ. இறங்கிப் போனது நேரா பாத்ரூமுக்கு. மூண்டு நாள் அவ கன்டீன் பக்கம் வரேல்ல. ஆரோக்கியம் படிப்பிச்ச கிளாஸ்.

எனக்குத் தந்த அறிவுரை என்னெண்டா முட்டை, பால், பழம் சாப்பிடோணும். எனக்கு அப்ப மகாபொல எண்ட கம்பஸ் பிள்ளையளுக்கான உதவிக்காசு மாசம் 5000 ரூபா. காலமை ஒரு பணிஸும் பிளேன்ரீயும், மத்தியானம் கன்டீன் சோறு, இரவில பிஸ்கட், இல்லாட்டி ரூமில ஆராவது ஊரில இருந்து கொண்டுவந்த மிக்சர். பழம் சாப்பிடோணும் எண்டு எனக்குத் தெரியாமலோ இருந்தது? இந்த 5000க்குள்ள எப்பிடிச் சாப்பிடுறது எண்டு ஒரு மணித்தியாலம் படிப்பிச்சிருந்தா அது படிப்பு. கடலை அவிக்கிறது, நெத்தலிக்கருவாடு, முருங்கையிலை, பயறு, இதுகளை வச்சு. அம்மா இதில ஒரு புரொஃபசர்தான், ஆனா அம்மாக்கு ஆர் லெக்சர் ஹோல் குடுக்கப்போகினம்.

பிஎம்ஐ விசயத்திலயும் ஒரு கதை இருக்கு. பென்சில்வேனியாவில லிங்கன் யுனிவர்சிட்டி, கறுப்பின மக்களுக்காகத் தொடங்கின பழைய கம்பஸ். 2006ல சேந்த பிள்ளையள்ல இருந்து ஒரு சட்டம், பிஎம்ஐ 30 இல்லாட்டி அதுக்கு மேல எண்டா ஒண்டில் நிறையைக் குறைச்சுக் காட்டோணும் இல்லாட்டி ஒரு ஃபிட்னெஸ் பாடம் எடுக்கோணும், ரெண்டும் இல்லாட்டி டிகிரி இல்லை. அந்த பச் வெளிய போற நேரம் 2009 கடைசியில சண்டை வெடிச்சு, பேப்பரெல்லாம் வந்து, மார்கழியில அந்தக் கட்டாயத்தை எடுத்திட்டினம். குண்டான பிள்ளைக்கு மட்டும் ஏன் எண்டதுதான் கேள்வி. ஞாயமான கேள்வி. மெல்லிசா இருக்கிறவன் படிக்கட்டு ஏறினா இழைக்கமாட்டானோ?

இதை வாசிக்கேக்க அந்த 2009 எண்ட இலக்கத்தில ஒருக்கா நிண்டிட்டன். அந்த வருசம் நாங்கள் மெனிக்பாமில, யுத்தத்தில இடம்பெயர்ந்த ஆக்களை வச்சிருந்த முகாம். எங்களையும் அளந்தவை, தம்பிக்கு அப்ப 4 வயசு, கையைச் சுத்தி ஒரு நாடா போட்டு இறுக்கிப் பாப்பினம், நாடாவில சிவப்பு மஞ்சள் பச்சை இருக்கும், சிவப்பெண்டா போசாக்கு மோசமாக் குறைவு எண்டு அர்த்தம். மஞ்சள்ல நிண்டான். அம்மா அந்த நேர்ஸிட்ட திரும்பத்திரும்பக் கேட்டவ, சிவப்பில்லைத் தானே, சிவப்பில்லைத் தானே எண்டு.

தண்ணிக் கதையைச் சுருக்கிச் சொல்லுறன். ஒரு நாளைக்கு 8 கிளாஸ் தண்ணி குடிக்கோணும் எண்டு ஒரு ஸ்லைட். எந்தத் தண்ணி எண்டு அதில இல்லை. வவுனியா முல்லைத்தீவுப் பக்கம் கிட்னி வருத்தம் இருக்கிற ஊர் ஆக்களுக்கு அந்த ஸ்லைட்டைக் காட்டினா என்ன கேப்பினம்? கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சா கேத்தில் அடியில வெள்ளையா படியிற இடத்தில, கான் கொண்டுபோய் ஃபில்டர் தண்ணி காசுக்கு வாங்குற இடத்தில, 8 கிளாஸ் எண்டது சுகாதாரக் கேள்வி மட்டும் இல்லை.

இப்ப அந்த லிஸ்ட்டுக்கு வாறன். ஃபைலுக்குள்ள மடிச்சு வச்சிருந்த ஒரு பேப்பர், ஹோம்ஸ், ரஹே எண்ட ரெண்டு அமெரிக்க டொக்டர்மார் 1967ல வெளியிட்ட ஸ்ட்ரெஸ் அளவுகோல். வாழ்க்கையில நடக்கிற 43 விசயம், ஒவ்வொண்டுக்கும் ஒரு புள்ளி. கலியாணத்துக்கு 50 எண்டு வச்சுக்கொண்டு மற்றதெல்லாம் அதோட பாக்க எவ்வளவு கஸ்டம் எண்டு 394 பேரிட்ட கேட்டு எடுத்த இலக்கங்கள். கட்டின மனுசனோ மனுசியோ செத்தா 100. டிவோர்ஸ் 73. ஜெயில் 63, நெருங்கின சொந்தத்தில சாவு அதுவும் 63. வீடு மாறினா 20. பள்ளிக்கூடம் மாறினா 20. நத்தாருக்கு 12, ட்ரஃபிக் ஃபைன் மாதிரி சின்னக் குற்றத்துக்கு 11. போன ஒரு வருசத்தில உங்களுக்கு நடந்ததைக் கூட்டிப் பாக்கோணும், 150க்குக் கீழ எண்டா பயமில்லை, 300க்கு மேல எண்டா கெதியில வருத்தம் வரப்போகுது எண்டு கருத்து.

நான் கூட்டினன். வீடு மாறினது 20, பள்ளிக்கூடத்தில இருந்து கம்பஸ் 20, வாழுற நிலைமை மாறினது 25, பொழுதுபோக்கு மாறினது 19, நித்திரை மாறினது 16, சாப்பாடு மாறினது 15. மொத்தம் 115. மிஸ் கைதூக்கச் சொன்னவ, 150க்குக் கீழ ஆர் ஆர் எண்டு. தூக்கினன். "வெரி குட், யூ ஆர் எ லோ ரிஸ்க் பெர்சன்" எண்டு சொன்னவ. எனக்குப் பக்கத்தில இருந்த கொழும்புப் பிள்ளைக்கு 290, தாய் தகப்பன் பிரிஞ்சு தகப்பனுக்கும் வேலை போய், அவ பாவம், அழுதிட்டா. அவவின்ர கஸ்டம் சின்னன் எண்டு நான் சொல்லவரேல்ல, அண்டைக்கு ரூமுக்குப் போய் அவக்கு நான்தான் ரீ ஊத்திக் குடுத்தனான்.

ஆனா லெக்சர் முடியிறதுக்கு இன்னும் 20 நிமிசம் இருந்தது, எனக்கு நித்திரை வந்தது, பென்சிலால பேப்பர் ஓரத்தில ஒரு கணக்கு எழுதிப் பாத்தன். லிஸ்ட்டில யுத்தம் எண்டு ஒரு வரி இல்லை. 43ல இல்லை. அந்த 394 பேரிட்டயும் அதைப்பற்றி ஆரும் கேக்கேல்ல. இருக்கிற வரியை வச்சுத்தானே கூட்டலாம், அதால வீடு மாறினதை மட்டும் எடுத்தன். அக்கராயன்ல இருந்து கிளிநொச்சி, வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால், மெனிக்பாம், திரும்ப அக்கராயன். 13 தரம். 13 தர 20, 260. அம்மம்மாக்கு 63. 323. பள்ளிக்கூடம் மாறினதைச் சேர்க்கேல்ல, ஏனெண்டா மாறுறதுக்குப் பள்ளிக்கூடம் இருக்கேல்ல. நத்தார் 12ஐயும் சேர்க்கேல்ல.

அது கடைசி ஒரு வருசத்தில நடந்ததில்லை எண்டு அந்த டொக்டர்மார் சொல்லுவினம், சரிதான். ஒரு வருசம் கழிஞ்சா அது கணக்கில இல்லாமப் போயிடும் எண்டு அவை ஏன் நினைச்சவை எண்டு கேக்க ஆசையா இருந்தது. இங்கிலிஸ்ல கேக்கோணும். கேக்கேல்ல.

பேந்துதான் அந்த ஜேர்னல். வாழ்க்கையில நீர் சந்திச்ச ஒரு கஸ்டமான அனுபவம், அதை எப்பிடிக் கடந்தீர், 500 சொல், 20 மாக்ஸ். எழுதிறது இங்கிலிஸ்ல. நான் ஏலெவல் ரிசல்ட் வரும்வரைக்கும் காத்திருந்த கதையை விட்டன், பயந்தன், சாமி கும்பிட்டன், தன்னம்பிக்கை வந்துது எண்டு முடிச்சன், 17 தந்தவை. முல்லைத்தீவுப் பிள்ளை ஒண்டு எங்கட பச்சில இருந்தவ, கதைக்கிறதே குறைவு, அவ உண்மையை எழுதிப்போட்டா. பங்கர், தகப்பன், அந்தக் காலமை. திரும்ப வந்த பேப்பரை எனக்குக் காட்டினவ, 11 மாக்ஸ், கீழ சிவப்புப் பேனையால, டென்ஸ் பிழை, நடந்து முடிஞ்சதை ஏன் நிகழ்காலத்தில எழுதியிருக்கிறீர், இறந்தகாலத்துக்கு மாத்தும் எண்டு இருந்தது.

அந்த லெக்சரரை நான் கெட்டவர் எண்டு சொல்லேல்ல. 180 பேப்பர் திருத்தோணும், வேற பாடத்துக்கு எடுத்த ஆளை இதுக்கும் போட்டிருப்பினம். ஆனா மனசுக்குள்ள கிடக்கிறதை மாக்ஸுக்கு எழுது எண்டு கேக்கிற உரிமையை ஆர் குடுத்தது? பேந்து அதே ஆள்தான் ஸ்டூடன்ட் கவுன்சிலர் எண்டும் கதவில பேர் போட்டிருக்கும். எங்கட நாட்டுக் கம்பஸ்ல கனக்க இடத்தில அப்பிடித்தான், லெக்சரர்மாரே கவுன்சிலர். நாளைக்கு எனக்கு வைவா, வாய்மொழிச் சோதினை, எடுக்கப்போற ஆளிட்ட போய் எனக்கு இரவில நித்திரை இல்லை சேர் எண்டு ஆர் சொல்லுவினம், அதுவும் மூண்டாவது பாசையில.

அப்ப இந்தப் பாடமே வேண்டாம் எண்டு சொல்றனோ எண்டு தம்பியும் கேட்டவன். இல்லை. கட்டாயமா இருக்கோணும், ஆனா வந்தா காணும், பாஸ், அவ்வளவுதான். மாக்ஸும் வேண்டாம், தராசும் வேண்டாம், ஜேர்னலும் வேண்டாம். ஏன் கட்டாயம் வேணும் எண்டு சொல்றன் எண்டா, விருப்பம் எண்டு விட்டிருந்தா நான் அந்த ஒரு கிளாஸுக்குப் போயிருக்கமாட்டன்.

ஆறாம் கிழமையோ ஏழாம் கிழமையோ கம்பஸ் ஹெல்த் சென்டர்ல இருந்து ஒரு நேர்ஸ் வந்தவ. ஸ்லைட் இல்லை. சிங்களத்தில கதைச்சவ, புத்தளத்துப் பிள்ளை ஒண்டு எழும்பி எங்களுக்குத் தமிழ்ல சொல்லிக்கொண்டிருந்தவ. அந்த மனிசி சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: சென்டர் எத்தினை மணிக்குத் திறக்கும், சோதினை நேரம் காய்ச்சல் வந்தா மெடிக்கல் சேர்ட்டிபிக்கட்டை எங்க, எத்தினை நாளுக்குள்ள குடுக்கோணும், பீரியட்ஸ் வலி தாங்கேலாட்டி சும்மா பனடோல் விழுங்கிக்கொண்டு கிடக்காம வாங்கோ, ஆராவது தூக்கில தொங்கப்போறன் எண்டு பகிடிக்குச் சொன்னாலும் பகிடியா எடுக்காதேங்கோ, மனநல உதவி லைன் 1926க்கு அடிச்சா எந்த நேரமும் ஆள் இருக்கும், தமிழ்லயும் கதைக்கலாம், அம்புலன்ஸ் 1990, காசில்லை. முக்கால் மணித்தியாலம். அந்த 1926ஐ நான் பேந்து ஒருக்கா பாவிச்சனான், எனக்கில்லை, இரவு ரெண்டு மணிக்கு ஹொஸ்டல் படியில இருந்து இன்னொரு ஆளுக்காக. அதுக்கு மேல அதைப்பற்றி எழுதேல்ல. அந்தப் பிள்ளை இப்ப ஒரு பாங்கில வேலை செய்யுது, போன மாசம் மகளின்ர பிறந்தநாள் படம் அனுப்பினது.

மற்றது நீச்சல். அமெரிக்காவில எம்ஐடி எண்ட யுனிவர்சிட்டியில இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளையெண்டாலும் டிகிரி எடுக்க முதல் நீந்தத் தெரியும் எண்டு காட்டோணும், 100 யார், இல்லாட்டி நீச்சல் கிளாஸ் எடுக்கோணும், அதைவிட நாலு உடற்பயிற்சி வகுப்பும் முடிக்கோணும். இதை வாசிக்க எனக்குப் பொறாமையா இருந்தது. வன்னி முழுக்கக் குளம். பெடியளுக்கு ஏதோ ஆராவது அண்ணைமார் தள்ளிவிட்டு நீச்சல் வந்திடும், எங்களுக்குக் கிணத்தடியும் வாளியும்தான், 27 வயசில எனக்கு இண்டைக்கும் நீந்தத் தெரியாது. கிளிநொச்சியில அறிவியல் நகர்ல இருக்கிற கம்பஸுக்கு இப்ப நாடு முழுக்க இருந்து பிள்ளையள் படிக்க வருகினம், லீவு நாள்ல இரணைமடுக் குளத்துப் பக்கம் வருவினம், சிரிச்சுச் சிரிச்சு படம் எடுத்துக்கொண்டு அணைக்கட்டில நிப்பினம், எனக்கு நெஞ்சு பதறும். அவைக்கு வெல்னெஸ் படிப்பிக்கிறதெண்டா முதல்ல குளத்துத் தண்ணியைப் பற்றிச் சொல்லோணும். ரெண்டாவதா புடையன் பாம்பு. கடிச்சா இறுக்கிக் கட்டாதேங்கோ, பிளேட்டால வெட்டாதேங்கோ, வாய் வச்சு உறிஞ்சாதேங்கோ, கடிச்ச காலை ஆட்டாம அப்பிடியே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ. இது எந்த ஸ்லைட்டிலயும் இல்லை, கொழும்பில அடிச்ச கைநூல்ல பாம்பு எப்பிடி வரும்.

சரி, தம்பிக்கு நோட்ஸை போன்ல படம் பிடிச்சு வட்ஸ்அப்ல அனுப்பினன், 34 பக்கம். அரை மணித்தியாலத்தால வொய்ஸ் மெசேஜ் வந்தது, "அக்கா, அந்த ஸ்ட்ரெஸ் லிஸ்ட் எங்களுக்கும் இருக்கு, நான் கூட்டிப் பாத்தன் எனக்கு 96, நல்ல ஸ்கோர் என்ன? உங்கட பேப்பர் ஓரத்தில பென்சிலால ஏதோ கணக்கு இருக்கு, 13 தர 20 எண்டு, அது என்ன, எக்ஸாமுக்கு வருமோ?"

அவனுக்கு ஒண்டும் நினைவில்லை, நாலு வயசு. நினைவிருக்கிறதெண்டா மாத்தளன்ல ஆரோ குடுத்த ஒரு பிஸ்கட் பெட்டி மட்டும், அதில யானைப் படம் இருந்தது எண்டுவான். வருசப் பிறப்புக்கு வெடி கொளுத்தினா மட்டும் கட்டிலுக்கு அந்தப்பக்கம் போய் இருப்பான், ஏனெண்டு அவனுக்கே தெரியாது, சத்தம் பிடிக்காது எண்டு சொல்லுவான்.

எக்ஸாமுக்கு வராது எண்டு டைப் பண்ணினன். பேந்து, அம்மாட்ட கேக்காத, பொங்கலுக்கு வரேக்க நான் சொல்றன் எண்டும் போட்டன். ரெண்டு நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தால, "சரி. டேட்டா கார்ட் ஒண்டு போட்டு விடுங்கோவன்" எண்டு வந்தது.